கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் ஹாக்ஃபிஷ் மீனை வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடை ஒன்றில் சிவப்பு ஹாக்ஃபிஷ் பார்த்தேன். நீந்தவே இல்லை, கல் மேல் உட்கார்ந்தே இருந்தது. "இது அப்படித்தான் சார்" என்கிறார் கடைக்காரர். சீக்கு மீனைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா?

பதில்: இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஹாக்ஃபிஷுக்குக் காற்றுப்பை கிடையாது, துடுப்பை நிறுத்தினால் கீழே இறங்கிவிடும். அதனால் மார்புத் துடுப்பின் அடியிலுள்ள தடித்த கதிர்களைக் கல்லில் ஊன்றி உட்கார்ந்து, இரை கிட்டத்தில் வந்ததும் பாய்ந்து பிடிக்கும்.

ஆனால் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நல்ல மீன் மேட்டில் இருக்கும். கண்ணாடியில் விரலை நகர்த்தினால் கண் உருண்டு விரலோடு வரும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் தரையில் கிடப்பது, வாயைத் திறந்தபடி வேகமாகச் செவுளடிப்பது, வயிறு உள்வாங்கியிருப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். லாங்நோஸ் என்ற நீள மூக்கு வகையில் மூக்கு நுனியையும் பாருங்கள். வலையிலும் பையிலும் இடித்துப் புண்ணாகியிருக்கும்.

கடைசியாக, உங்கள் கண்ணெதிரே உறைந்த மைசிஸ் (இறால் போன்ற பொடி உயிரி) தீனி போடச் சொல்லுங்கள். ஹாக்ஃபிஷ் பெருந்தீனிக்காரன், வந்திறங்கி ஒரு வாரமாகியும் தின்னாவிட்டால் உள்ளே ஏதோ கோளாறு. "இப்பதான் தீனி போட்டோம்" என்றால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: 150 லிட்டர் தொட்டி. இரண்டு க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால் இருக்கின்றன. எந்த ஹாக்ஃபிஷ் சரிப்படும்?

பதில்: இறாலை இழக்க மனமில்லை என்றால் எதுவும் வேண்டாம். பவளத்தைக் கடிக்காது என்பதால் 'ரீஃப் சேஃப்' என்று சொல்லி விற்பார்கள். இறாலுக்கும் நண்டுக்கும் அந்தப் பேச்சு பொருந்தாது. முன்பே குடியிருக்கும் பெரிய க்ளீனர் இறால் சில தொட்டிகளில் தப்பிவிடுகிறது. ஆனால் தோலுரித்த அன்று அதன் உடம்பு மெத்தென்றிருக்கும், பெரும்பாலும் அன்றைக்குத்தான் காணாமல் போகும். செக்ஸி இறால் மாதிரிப் பொடிசுகள் வெறும் தீனிதான்.

இறால் போனாலும் பரவாயில்லை என்றால், உங்கள் அளவுக்கு மூன்று வகை பார்க்கலாம். ஃபால்கோ 7 செ.மீ. வரைதான் வளரும், முதல்முறை வளர்ப்பவருக்கு அதுவே போதும். ஃப்ளேம் 9 செ.மீ. வரை வளரும். பசிபிக் பகுதி மீன், நம் கடலில் கிடையாது. அதனால் விலையும் ஏறித்தான் இருக்கும். லாங்நோஸ் 13 செ.மீ. வரை வரும், குணத்தில் சாது, ஆனால் மூக்கு நீளத்தைப் பார்த்து வாய் சின்னது என்று எண்ணிவிடாதீர்கள். மெலிந்த சின்ன மீன் அதற்குள் போகும்.

கடையில் 5 செ.மீ. குட்டியாகக் கண்ணைப் பறிக்கும் ஃப்ரெக்கிள்ட் ஹாக்கை மட்டும் தொடாதீர்கள். 20 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, உங்கள் க்ளவுனையும் விழுங்கிவிடும்! ஆர்க்-ஐ ஹாக் அதன் நெருங்கிய உறவு, அதுவும் 150 லிட்டருக்கு ஆகாது.

ஒரு தொட்டிக்கு ஒன்று போதும். அதையும் கடைசியாக விடுங்கள். முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன் பேட்டையாக்கிக்கொண்டு, பிறகு வரும் கோபி, ஃபயர்ஃபிஷ் போன்ற சாது மீன்கள் எல்லாவற்றையும் மிரட்டி ஓரங்கட்டும்.

கேள்வி: கூரியரில் வரவழைத்த லாங்நோஸ் உயிரோடு வந்தது. ஒரு மணி நேரம் பைத் தண்ணீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கித்தான் தொட்டியில் விட்டேன். மூன்றாம் நாள் செத்துவிட்டது. "உயிருள்ள சரக்குக்கு உத்தரவாதம் இல்லை" என்கிறார் விற்றவர். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் காரணம். பல கடைகளில் ஒட்டுண்ணிக்குப் பயந்தும் உப்புச் செலவைக் குறைக்கவும் நீரில் உப்பைக் குறைத்து, 1.018 முதல் 1.020 ஒப்படர்த்தியில் (உப்பளவைக் காட்டும் எண்) வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டி 1.025 என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கிவிடும். அன்றே சாகாது, இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகும். உங்கள் கதைக்கு இது பொருந்துகிறது.

சொட்டு நீரிலும் ஓர் ஆபத்து உண்டு. நீண்ட பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் மீனின் கழிவான அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்து வாயு வெளியேறியதும் பி.எச். ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். அந்தத் தண்ணீரிலேயே ஒரு மணி நேரம் மீனை வைத்திருக்கக் கூடாது.

அடுத்த முறை, ஆர்டர் போடும்போதே விற்பவரின் உப்பளவைக் கேளுங்கள். 50 லிட்டர் குவாரண்டைன் தொட்டியை (புது மீனைத் தனியே வைக்கும் தொட்டி) அதே அளவில் தயாராக வையுங்கள். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் சரிபார்த்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் கீழே ஊற்றுங்கள். பிறகு ஒரு நாளைக்கு 0.001 வீதம் உப்பை ஏற்றலாம். நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும், உட்கார இரண்டு பி.வி.சி. எல்போ (வளைவுக் குழாய்த் துண்டு) போதும். வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து தேவைப்பட்டால் அங்கே மட்டும். மெயின் தொட்டியில் ஊற்றினால் இறாலும் பவளமும் போய்விடும்.

இனி பணம். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அப்படியே. செத்து வந்த மீனுக்கு இந்த வாதம் பலமானது. மூன்றாம் நாள் செத்ததற்கு, குறை அனுப்பியவருடையது என்று நீங்கள்தான் காட்டவேண்டும். பைத் தண்ணீரை அளந்த படமோ, பிரிக்காத பெட்டியிலிருந்து எடுத்த வீடியோவோ இல்லையென்றால் கஷ்டம், சமரசமாகப் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள். ஆதாரம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்.

கேள்வி: மூடி அவசியமா? தண்ணீர் விளிம்புக்கு 5 செ.மீ. கீழேதான் இருக்கிறது.

பதில்: அவசியம். 5 செ.மீ. ஹாக்ஃபிஷுக்கு ஒரு தாவல்கூட இல்லை. கண்ணாடி மூடினால் சூடு ஏறும், நம் ஊர் மே மாதத்தில் அது வேறு தலைவலி. அலுமினியச் சட்டத்தில் 6 மி.மீ. கண் உள்ள வலை அடித்துப் போடுங்கள். குழாய் நுழையும் மூலையில் விடும் இடைவெளியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், மீன் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: உட்கார நிஜப் பவளம் ஒன்று, மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கூடாது. கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் எடுத்த செத்த பவளக் கல்லை வீட்டில் வைத்திருந்தாலும் வழக்குதான். 'லைவ் ராக்' (நுண்ணுயிர் குடியேறிய கடற்பாறை) என்ற பெயரில் வருவதும் பல நேரம் அதுவே. சுட்ட மண்ணில் செய்த செராமிக் பாறை கிடைக்கிறது. கிளை விட்ட வடிவமாகப் பார்த்து, ஒரு கிளை தொட்டியின் மேல் பாதிக்கு எட்டும்படி நிறுத்துங்கள். மீன் அங்கேதான் போய் உட்காரும்.