வெள்ளிப் பட்டறையில் மின் உலை: கேள்விகளும் பதில்களும்

சேலத்தின் கொலுசுப் பட்டறைகளுக்குக் காயில் (உலையைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) மாற்றுவதும் உலைப் பேனல் கட்டுவதும் என் தொழில். கரி உலையோடு வளர்ந்த தெருக்களில் மின் உலையும் சேர்ந்துவிட்டது. அதைப் பற்றிப் பட்டறைக்காரர்கள் அனுப்பிய கேள்விகளோடு, ஏற்காட்டில் மண்பாண்டம் செய்யும் ஒருவரின் கேள்வியும் வந்திருக்கிறது. பழுது என்று என்னை அழைக்கும் இடங்களில் பெரும்பாலும் கோளாறு உலை அறைக்குள் இருப்பதில்லை. பிளக்கில், ஒயரைத் திருகி இணைக்கும் டெர்மினலில், எர்த்தில்தான் இருக்கிறது. ஆகவே என் பதில்களும் அந்த மூன்றையே சுற்றி வரும்.

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை: ஐயா, எங்கள் உலை 3 கிலோவாட். 16 ஆம்பியர் பிளக்கில் ஓட்டுகிறோம். வேலை சூடுபிடித்ததும் பிளக்கில் கை வைக்க முடியவில்லை. புது பிளக் மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.

3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் அதைத் தாங்கும் என்பது கணக்கில் சரிதான். ஆனால் அயர்ன் பாக்ஸ் ஓடுவதுபோல் பத்து நிமிடம் ஓடி நிற்பதில்லை உலை. காலையில் போட்டால் மதியம்வரை இழுக்கும். நீங்கள் பிளக்கை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளை நாக்கு ஏற்கெனவே சூட்டில் தளர்ந்து போயிருக்கும். அது புது பிளக்கின் முள்ளையும் இறுக்கிப் பிடிக்காது. அந்தத் தளர்வில் அரை ஓம் தடை இருந்தாலே 13 ஆம்பியரில் ஏறத்தாழ 84 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் எரியும்.

இப்படிப்பட்ட சாக்கெட்டைக் கழற்றினால் எப்போதும் ஒரே காட்சிதான். ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம், பிளக்கின் ஒரு முள்ளில் மட்டும் நீலம் பாய்ந்த நிறம், உள்ளே ஒயரின் உறை விறைத்து, தொட்டால் உதிரும். அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே பட்டறையில் மீன் வாடை அடித்திருக்கும். பிளாஸ்டிக் வேகும்போது வரும் வாடை அது. அந்த வாடை வந்தால் எலியைத் தேடாதீர்கள், சாக்கெட்டைப் பாருங்கள்.

உலைக்குப் பிளக்கே வேண்டாம். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் தனியாக இழுத்து, மின்னோட்டம் மீறினால் தானாக விழுந்து பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 20 ஆம்பியர் இரட்டைத் துருவ எம்.சி.பி. வைத்து, ஒயர் முனையில் லக் என்ற உலோகக் காதை அழுத்தி, உலையின் டெர்மினலில் நேராக இணையுங்கள். முறுக்கிய ஒயரை அப்படியே திருகுக்கு அடியில் செருக வேண்டாம். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதில் திருகு தானாகத் தளரும். அதனால் மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகுகளையும் இறுக்குங்கள்.

பனங்காடு, வெள்ளி உருக்குபவர்: சாயங்காலம் வோல்டேஜ் 200க்கு இறங்கிவிடுகிறது. உலை ஏறவே மாட்டேன் என்கிறது. 5 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் போர்டில் ஒரு முறை, உலையின் டெர்மினலில் ஒரு முறை. மீட்டரில் 225, உலையில் 205 என்று வந்தால் குறை உங்கள் ஒயரிங்கில் இருக்கிறது. அந்த 20 வோல்ட்டும் சுவருக்குள் எங்கோ சூடாக எரிந்துகொண்டிருக்கிறது. ஸ்டெபிலைசர் அந்த ஒயரில் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்து நிலைமையை மோசமாக்கும். 30 மீட்டர் தொலைவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் 13 ஆம்பியரில் விழுவது நான்கு வோல்ட்டுக்கும் குறைவுதான்.

மீட்டரிலேயே 200தான் என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். வோல்டேஜ் குறைவதால் காயிலுக்குக் கெடுதல் இல்லை, நேரம்தான் கூடும். 230க்குப் பதில் 200 கிடைத்தால் 3 கிலோவாட் உலை சுமார் 2.27 கிலோவாட்டாகத்தான் வேலை செய்யும். கால் பங்கு பலம் போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை: மூசையை (வெள்ளி உருக்கும் கிண்ணம்) எடுக்கும்போது குறடு காயிலில் உரசி எனக்கு ஷாக் அடித்தது. கண்ட்ரோலரில் சிவப்பு விளக்கு அணைந்துதான் இருந்தது. அணைந்த உலையில் எப்படி அண்ணா கரண்ட் இருக்கும்?

தம்பி, நீங்கள் நலமாக இருந்து இதைக் கேட்பதே எனக்குப் பெரிய நிம்மதி. இந்த ஒன்றை மட்டுமாவது பட்டறையில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

கண்ட்ரோலரின் விளக்கு அணைந்தால் உலை அணைந்துவிட்டது என்று பொருளில்லை. வைத்த வெப்பம் எட்டியதும் கண்ட்ரோலர், எஸ்.எஸ்.ஆர். என்ற மின்னணு சுவிட்ச் வழியாகக் காயிலுக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்றை மட்டும்தான் துண்டிக்கிறது. துண்டிக்கப்பட்டது நியூட்ரலாக இருந்தால் காயில் முழுவதும் 230 வோல்ட்டோடு காத்திருக்கும். பேஸைத் துண்டித்திருந்தாலும் எஸ்.எஸ்.ஆர். வழியாகச் சிறு கசிவு எப்போதும் உண்டு. காயில் சிவக்காமல் இருப்பதைப் பார்த்து மின்சாரம் இல்லை என்று நம்பக் கூடாது.

உங்கள் உலைக்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். முதலாவது, கதவில் ஒரு லிமிட் சுவிட்ச். கதவு திறந்ததும் அது கான்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்சை விழவைக்க வேண்டும். அந்தக் கான்டாக்டர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்க வேண்டும். அதைப் பொருத்தும்வரை இரட்டைத் துருவ எம்.சி.பி.யைக் கையால் இறக்காமல் குறட்டை உள்ளே விடவே விடாதீர்கள். இரண்டாவது, உலையின் இரும்பு உடலுக்கும் கதவுக்கும் தனித்தனியாக எர்த் ஒயர். கதவின் கீல் துருப்பிடித்திருக்கும். அதன் வழியாக எர்த் வரும் என்று நினைப்பது தவறு. நம் ஊர் பாறை மண் கோடையில் காய்ந்து எர்த் குழி வேலை செய்யாமல் போகும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் பட்டறை வேலைதான்.

மூன்றாவது, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. அது அடிக்கடி விழுகிறது என்று பலர் அதைத் தாண்டி நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த பட்டறையில் நான் வேலையே தொடுவதில்லை. விழுவதற்குக் காரணம் உண்டு: செங்கல் ஈரமாக இருந்தாலும் கசியும், 1000 டிகிரியை நெருங்கும்போது செங்கல்லே கொஞ்சம் மின்சாரம் கடத்தும். முதலில் உலையைக் காயவைத்து, மெக்கர் என்ற காப்புத் தடை மீட்டரால் சோதியுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் உச்ச வெப்பத்தில் மட்டும் விழுந்தால் உலைக்கென்று தனியாக 100 மில்லிஆம்பியர் போடலாம். ஆனால் 100 மில்லிஆம்பியர் ஆளைக் காப்பாற்றும் அளவு அல்ல. அதைப் போடுவதானால் கதவு சுவிட்ச் இல்லாமல் உலையை ஓட்டவே கூடாது.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை இறக்கிவிட்டு 108ஐ அழையுங்கள்.

மணியனூர்: கண்ட்ரோலர் 640 காட்டியது. உள்ளே பார்த்தால் வெள்ளையாகத் தகித்தது. காயில் உருகி அறுந்துவிட்டது. கண்ட்ரோலர் மட்டமா?

பெரும்பாலும் கண்ட்ரோலர் நல்லவன்தான். வெப்பத்தை அளந்து கண்ட்ரோலருக்குச் சொல்லும் தெர்மோகப்பிள் உலை அறையிலிருந்து வழுக்கி வெளியே வந்திருக்கும், அல்லது அதன் இரு கம்பிகளும் வழியில் எங்கோ ஒட்டியிருக்கும். கம்பி அறுந்தால் நல்ல கண்ட்ரோலர் உடனே உலையை நிறுத்திவிடும். வழியில் ஒட்டினால் அது அறையின் வெப்பத்தை விட்டுவிட்டு ஒட்டிய இடத்தின் வெப்பத்தைப் படிக்கும். குறைவாக இருக்கிறது என்று நம்பி இன்னும் இன்னும் ஏற்றும். எஸ்.எஸ்.ஆர். கெட்டாலும் இதே கதி, ஏனென்றால் அது பழுதானால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும்.

அதனால் இரண்டாவது தெர்மோகப்பிளும், அதற்கென்று இன்னொரு சிறு கண்ட்ரோலரும் வைத்து, முன்பு சொன்ன கான்டாக்டரையே இதுவும் விழவைக்குமாறு இணையுங்கள். உங்கள் வேலை வெப்பத்தைவிட 50 டிகிரி மேலே அமைத்தால் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு காயில் செட்டோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

அளவு சரியா என்று பார்க்க வெள்ளிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சுத்த வெள்ளிக் கம்பியில் ஒரு துணுக்கைப் பீங்கான் துண்டின்மேல் வைத்து, தெர்மோகப்பிள் முனைக்கு அருகே தள்ளி, மெதுவாக ஏற்றுங்கள். சுத்த வெள்ளியின் உருகுநிலை 962 டிகிரி. காற்றில் அது ஆக்சிஜனை இழுப்பதால் சில டிகிரி முன்பாகவே துவண்டு விழும். 950க்கும் 962க்கும் இடையில் விழுந்தால் அளவு சரி. 900லோ 1000த்திலோ விழுந்தால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள். எட்டிப் பார்க்கும்போது வெல்டிங் கண்ணாடி அவசியம்.

கொண்டலாம்பட்டி: பழைய காயிலின் அதே கனம், அதே நீளத்தில் புதிதாகக் கட்டி வாங்கினேன். போட்டதிலிருந்து எம்.சி.பி. விழுகிறது.

காந்தம் ஒன்றை அருகில் கொண்டுபோங்கள். பழைய காயிலில் ஒட்டி, புதியதில் ஒட்டவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. காயில் கம்பிகளில், இரும்பும் குரோமியமும் அலுமினியமும் கலந்த கான்தால் வகை காந்தத்தில் ஒட்டும், நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்ரோம் ஒட்டாது. கான்தாலின் தடை நைக்ரோமைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். கான்தால் இருந்த இடத்தில் அதே அளவு நைக்ரோமைப் போட்டால் 13 ஆம்பியர் 17 ஆம்பியருக்கு மேல் ஏறிவிடும். பெரிய எம்.சி.பி. போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள், எம்.சி.பி. காப்பது ஒயரை. மேலும் நைக்ரோம் கம்பிக்கு 1200 டிகிரிதான் எல்லை. அறை 1050 இருக்கும்போது கம்பியின் வெப்பம் அதைவிட நூறு டிகிரிக்கும் மேல் இருக்கும். வெள்ளி உருக்க கான்தாலையே கேட்டு வாங்குங்கள்.

புதுக் காயிலை மாட்டியதும் மூசை வைக்காமல், வெறும் உலையாக 1050 டிகிரியில் ஏழு மணி நேரமாவது ஓட்டுங்கள். கம்பியின்மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் கட்டும். அதுதான் காயிலின் கவசம். உருக்கும்போது சேர்க்கும் வெங்காரம் தெறித்தால் அந்தப் படலத்தைத் தின்றுவிடும், ஆகவே மூசைக்கு மூடி போடுங்கள். ஒரு முறை பழுத்த கான்தால் கம்பி குளிர்ந்தபின் கண்ணாடிபோல் ஒடியும். வளைக்க வேண்டுமானால் மின்சாரத்தைத் துண்டித்து, டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி வளையுங்கள்.

கருப்பூர்: நம் ஊர் மேக்னசைட் உலகப் புகழ் பெற்றது. அந்தச் செங்கல்லையே சிறு உலைக்குக் கட்டலாமா?

வேண்டாம். மேக்னசைட்டைச் சுட்டுக் கிடைக்கும் மக்னீசியா 2800 டிகிரியையும் தாங்கும், எஃகு உலைகளுக்கு அது அருமையான பொருள். ஆனால் வெப்பத்தை எளிதில் வெளியே கடத்திவிடும், தினமும் ஏற்றி இறக்கினால் விரிசல் விடும், ஈரத்தையும் இழுக்கும். உங்களுக்கு இலேசான இன்சுலேஷன் செங்கல்தான் ஏற்றது. அதே மக்னீசியாவின் தூள்தான் தண்ணீர் காய்ச்சும் குழாய் ஹீட்டருக்குள் காயிலைச் சுற்றி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்காடு, மண்பாண்டக் கலைஞர்: மழைக்காலத்தில் சூளையைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழுகிறது அண்ணா. வெயில் காலத்தில் ஒரு தொல்லையும் இல்லை.

அம்மா, உங்கள் மூடுபனி செங்கல்லுக்குள் குடியேறியிருக்கிறது. சூளைக்குள் ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தனி இணைப்பில் இரவு முழுவதும் எரியவிட்டு, கதவை விரலளவு திறந்து வையுங்கள். மறுநாள் 120 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி, ஆவி வருவது நிற்கும்வரை கதவை மூடாதீர்கள். இடி மின்னல் உங்கள் மலையில் அதிகம். திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் காப்பான் ஒன்றைப் போர்டில் பொருத்துங்கள். மேகம் திரண்டால் மெயினை இறக்கிவிடுவது அதைவிட நல்லது.

லைன்மேடு: சின்ன இண்டக்ஷன் மெஷின் வாங்கியிருக்கிறோம். போர்வெல் தண்ணீரையே விடுகிறோம். சரிதானா?

தவறு. காந்தப் புலத்தால் வெள்ளியைச் சூடாக்கும் அந்த மெஷினில், செம்புக் குழாயாலான காயிலைக் குளிர்விக்கத்தான் தண்ணீர் ஓடுகிறது. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் கடினநீர். செம்புக் காயிலுக்குள் உப்பு படிந்து வழி சுருங்கும், ஒரு நாள் காயில் துளைபடும். உருகிய வெள்ளிக்கு அடியில் தண்ணீர் புகுந்தால் அது நொடியில் ஆவியாகி உலோகத்தை ஆளின்மேல் வீசும். தனித் தொட்டியில் டிஸ்டில்டு தண்ணீரைச் சுற்றவிடுங்கள். ஓட்டம் குறைந்தால் மெஷினை நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று வாரம் ஒரு முறை குழாயை அடைத்துச் சோதியுங்கள்.

கரண்ட் போகும்போதும் ஆபத்துதான். மெஷின் நிற்கும், பம்பும் நிற்கும், மூசை மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். பம்புக்கு மட்டும் ஒரு இன்வெர்ட்டர் வையுங்கள், அல்லது உயரத்தில் ஒரு தொட்டி வைத்துத் தானாக இறங்கும்படி செய்யுங்கள். மெஷின் மூடியைக் கழற்றும் முன் கபாசிட்டர்கள் வடிந்துவிட்டனவா என்று மீட்டரால் பாருங்கள். அணைத்த பிறகும் அவை மின்னேற்றத்தை வைத்திருக்கும்.

பள்ளப்பட்டி: உருக்கும் நடுவில் கரண்ட் போனால் காயில் உலையில் என்ன செய்வது?

முதலில் எம்.சி.பி.யை இறக்குங்கள். வெள்ளி இன்னும் நீராக இருந்தால், காய்ந்து சூடேறிய அச்சில் ஊற்றிவிடுங்கள். ஈர அச்சில் ஒரு துளிகூட ஊற்றாதீர்கள். மூசையிலேயே உறைந்துவிட்டால் மறுபடி மிக மெதுவாக ஏற்றுங்கள். உள்ளே உறைந்த கட்டி விரிந்து மூசையைப் பிளக்கும்.

அம்மாப்பேட்டை: வீட்டு இணைப்பிலேயே உலை ஓட்டுகிறேன். தவறா?

தவறு. விதிப்படியும் தவறு, வீட்டு ஒயரிங்கும் தாங்காது. குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, அதில் விண்ணப்பியுங்கள்.

சிவதாபுரம்: பழைய உலையின் வெள்ளைப் பஞ்சை நாங்களே பிய்த்து மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு செய்யாதீர்கள். அது செராமிக் ஃபைபர். பல மாதம் சூடு கண்ட பஞ்சின் தூள் நுரையீரலில் தங்கும். மெயினை இறக்கி, உலை முழுவதும் ஆறியபின், பஞ்சின்மேல் தண்ணீரைப் புகைபோலத் தெளித்து நனையுங்கள். முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்-95 முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பிய்த்ததை உடனே பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். புதுப் பஞ்சு வைத்தபின், முன்பு சொன்னபடி கதவைத் திறந்து 120 டிகிரியில் காயவைத்த பிறகே மேலே ஏற்றுங்கள். அன்று போட்டிருந்த சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.