பதில்: தடம்புரண்ட என்ஜின் படத்தின் இடத்தைக் கண்டறிவது

கவிழ்ந்து கிடக்கும் நீராவி என்ஜினின் படத்தையும், அதன் பின்புறம் '1923, ஆற்று வளைவு' என்றிருக்கும் குறிப்பையும் மட்டும் வைத்து, அது அமெரிக்காவில் எங்கே நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் என்ஜினின் முகப்புத் தகட்டிலும் ஓட்டுநர் அறையின் பக்கவாட்டிலும் உள்ள எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்; எண்ணும் நிறுவனப் பெயரும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1910ஆம் ஆண்டின் விபத்து அறிக்கைச் சட்டத்துக்குப் பின், அந்நாளில் ரயில் நிறுவனங்களை ஒழுங்குபடுத்திய அரசு அமைப்பான மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையம் பெரிய ரயில் விபத்துகளை விசாரித்து வெளியிட்ட அறிக்கைகள் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இணைய நூலகத்தில் கிடைக்கின்றன. நிறுவனம், ஆண்டு, அருகிலுள்ள நிலையம் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். இழப்பீட்டு வழக்குகளில் இவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது என்று அச்சட்டமே விலக்கியிருந்ததாலோ என்னவோ, தவறு யாருடையது என்பதை இவை தயக்கமின்றிப் பேசும். வளைவின் கூர்மையை, நூறடி நாண் (வளைவின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு) வளைவின் வட்ட மையத்தில் தாங்கும் கோணமாக, பாகைக் கணக்கில் தந்திருப்பார்கள்; பாகை கூடக்கூட வளைவும் கூர்மையாகும். அதை அக்கால நிலவரைபடத்தில் ஆற்றோரம் செல்லும் பாதையோடு ஒப்பிட்டால் இடம் பெரும்பாலும் பிடிபடும்.

எல்லாத் தடம்புரளலும் விசாரிக்கப்படவில்லை. அறிக்கை இல்லையென்றால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பைப் பாருங்கள். ஆனால் முதல் நாள் செய்தியின் உயிரிழப்பு எண்ணிக்கையை நம்பாமல், அடுத்த சில நாள்களின் இதழ்களையும் படியுங்கள். பின்புறக் குறிப்பையும் முழுதாக நம்ப வேண்டாம், அது பல்லாண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டதாக இருக்கலாம். எண் தெளிவாகத் தெரிந்தால் இங்கே பதிவிடுங்கள்.