நீங்கள் தேடும் ரிங்கு சிங் வேறு

கட்டுரைக்காக ரிங்கு சிங் என்று தேடினால் கிரிக்கெட் வீரர்தான் வருகிறார் என்று கேட்டிருந்தீர்கள். இருவருக்கும் உத்தரப் பிரதேசம்தான், அதனால் வரும் குழப்பம். உங்களுக்கு வேண்டியவர் பதோகிப் பக்கத்துக் கிராமத்து லாரி ஓட்டுநரின் மகன், முன்பு ஈட்டி எறிந்தவர், பிறகு பேஸ்பால் வீரரானவர். பேஸ்பால் பழக்கமே இல்லாமல் 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் இடது கையால் மணிக்கு 87 மைல் வேகத்தில் பந்து வீசி முதலிடம் பிடித்தார். எனக்கு இன்றும் வியப்பு தரும் வேகம் அது! அதே ஆண்டு அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவரையும் அதே போட்டியில் கலந்துகொண்ட தினேஷ் படேலையும் ஒப்பந்தம் செய்தது, தினேஷை விட்டுவிடாதீர்கள். ரிங்கு 2009இல் கீழ்நிலைத் தொடரான கல்ஃப் கோஸ்ட் லீக்கிலும், 2011இல் கீழ்நிலை அணியான வெஸ்ட் வர்ஜீனியா பவரிலும் ஆடினார். அப்புறம் காயங்கள் மேலே ஏறவிடவில்லை. 2018இல் மல்யுத்தத்துக்குப் போனார். அங்கே அவருக்கு வைத்த பெயரான 'வீர் மகான்' என்று தேடுங்கள், சரியாகக் கிடைப்பார்.