பிராசசர் விர்ச்சுவலைசேஷன் எஞ்சினியர் ஆக எதைப் படிக்க வேண்டும்? வேலை எப்படி இருக்கும்?

விர்ச்சுவல் மெஷின்களை (விஎம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினிகள்) ஏற்றி இறக்கத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நிர்வாக வேலை. இந்தத் துறையின் உயிர்நாடி ஒரே கேள்விதான்: கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்) ஓடிக்கொண்டிருக்கும்போது பிராசசர் எப்போது, ஏன் ஹைப்பர்வைசரிடம் (விஎம்களை நடத்தும் மென்பொருள்) திரும்புகிறது? இதற்குப் பெயர் விஎம் எக்ஸிட்.

முதலில் பாப்பெக், கோல்ட்பர்க் இருவரும் 1974இல் சொன்ன நிபந்தனையைப் படியுங்கள்: பிராசசரின் நிலையைத் தொடும் நுட்பமான கட்டளைகள் யூசர் மோடில் (குறைந்த அதிகார நிலை) வந்தால் டிராப் எழுப்ப வேண்டும், அதாவது கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் தர வேண்டும். பழைய எக்ஸ்86 அதில் தேறவில்லை. யூசர் மோடில் 'பாப்எஃப்' கட்டளை இன்டரப்ட் ஃபிளாகை (குறுக்கீடுகளை ஏற்பதா என்று சொல்லும் பிட்) மாற்றப் பார்த்தால் பிராசசர் டிராப் எதுவும் எழுப்பாமல் சும்மா விட்டுவிடும். ஹைப்பர்வைசருக்குத் தெரியவே தெரியாது. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் வன்பொருள் ஆதரவு கொண்டுவந்ததன் காரணம் இதில் இருக்கிறது. நேர்காணலில் கேட்கத் தோதான கேள்வியும் கூட.

பிறகு சி மொழியில் கேவிஎம்மை (லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள ஹைப்பர்வைசர்) நேரடியாக அழைத்து ஒரு குட்டி புரோகிராம் எழுதுங்கள். விஎம் உருவாக்கி, 4 கேபி நினைவகம் கொடுத்து, ஒரு விசிபியூ (விஎம்முக்கான விர்ச்சுவல் பிராசசர்) சேர்த்து, நாலைந்து கட்டளைகளை ரியல் மோடில் (எக்ஸ்86இன் பழைய 16 பிட் நிலை) ஓட்டி, 'ஹெச்எல்டி' என்ற நிறுத்தும் கட்டளையில் முடிக்க வேண்டும். பெரும்பாலும் இடறுவது சிஎஸ் பேஸில் (கட்டளைகள் இருக்கும் பகுதியின் தொடக்க முகவரி): ரீசெட் மதிப்பு நினைவகத்தின் உச்சியைக் காட்டும், அதை 0 ஆக்க மறந்தால் உங்கள் கட்டளைகள் ஓடவே ஓடாது. அடுத்தது ஆர்ஃபிளாக்ஸ் என்ற நிலைப் பதிவகம், அதன் 1ஆம் பிட் எப்போதும் 1. புதிய லினக்ஸ் கெர்னல் இந்த பிட்டைத் தானே சரிசெய்துவிடும். ஆனால் கேவிஎம் இல்லாமல் நீங்களே விஎம்சிஎஸ் (விசிபியூவின் நிலையை வைத்திருக்கும் இன்டெல் தரவு அமைப்பு) நிரப்பும்போது திருத்த ஆள் இல்லை. எக்ஸிட் காரணம் 33 என்று வந்து நிற்கும். கெஸ்ட் நிலை தவறு என்பதோடு சரி, எந்த ஃபீல்டு என்று அது சொல்லாது. இன்டெல் கையேட்டின் 3ஆம் தொகுதியை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பொறுமைக்குத்தான் இங்கே சம்பளம்.

நினைவகப் பக்கம்: கெஸ்ட், ஹைப்பர்வைசர் என இரண்டு அடுக்கிலும் 4 நிலை பேஜ் டேபிள் (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் அட்டவணை) இருந்தால், ஒரு டிஎல்பி மிஸ்ஸுக்கு (மாற்றிய முகவரி பிராசசரின் தற்காலிகச் சேமிப்பில் இல்லாதபோது) 24 முறை வரை நினைவகத்தைத் தொட வேண்டும். 2 எம்பி பேஜ்கள் ஏன் உதவுகின்றன என்பதைத் தாளில் வரைந்தே புரிந்துகொள்ளுங்கள்.

வேலை இரண்டு வகை. சிப் நிறுவனத்தில் என்றால் சிலிக்கான் வரும் முன்பே எமுலேட்டரில் சோதனை. அசெம்பிளி நன்றாகத் தெரிய வேண்டும். ஹைப்பர்வைசர் பக்கம் என்றால் எக்ஸிட்களைக் குறைப்பது, லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு, அதாவது வேறு கணினிக்கு நகர்த்துவது). லைவ் மைக்ரேஷனில் அடிக்கடி வரும் கோளாறு: ஏவிஎக்ஸ்-512 என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பு உள்ள ஹோஸ்டிலிருந்து அது இல்லாத ஹோஸ்டுக்கு விஎம்மை நகர்த்துவார்கள், சில நிமிடத்தில் அப்ளிகேஷன் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழும். சிபியூஐடியில் (பிராசசரின் அம்சங்களைச் சொல்லும் கட்டளை) எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவான அம்சங்களை மட்டும் கெஸ்டுக்குக் காட்ட வேண்டும், அதுவும் விஎம்மைத் தொடங்கும்போதே.