பழைய டீசல் காருக்கு 78,000 ரூபாயில் கிளட்ச் வேலை: செய்யலாமா, விற்றுவிடலாமா?

கேள்வி: ஈரோட்டில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். 2016-இல் வாங்கிய என் டீசல் கார் 1,25,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மேடு ஏறும்போது எஞ்சின் உறுமுகிறதே தவிர வேகம் பிடிப்பதில்லை. ஆஃப் செய்யும்போது கடகடவென்று சத்தம் வருகிறது. கிளட்ச் செட்டுடன், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் மாற்ற வேண்டும் என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரியுடன் 77,880 ரூபாய்க்கு எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். வெளி மெக்கானிக் ஒருவர் கிளட்சை மட்டும் 30,000 ரூபாய்க்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார். இதே நிலையில் காரை 2,60,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஒரு டீலர் தயாராக இருக்கிறார். அத்துடன் 7 லட்சம் ரூபாய் கடன் வாங்கினால் புது பெட்ரோல் கார் வாங்கலாம். மாதம் 9,000 ரூபாய் சேமிக்கிறேன். 1,20,000 ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. மாதம் சுமார் 1,000 கி.மீ. ஓடும். என்ன செய்யலாம்?

பதில்: காரின் இன்றைய விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பழுதுக்கே கொடுப்பதா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் இந்தச் செலவை ஒப்பிட வேண்டியது காரின் விலையோடு அன்று. இந்தக் கார் இல்லாவிட்டால் நீங்கள் செய்யப்போகும் செலவோடு. 7 லட்சம் ரூபாயை 9.5% வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 11,440 ரூபாய் வரும். வட்டி மட்டுமே 2,60,000 ரூபாயைத் தாண்டும். அதாவது பழைய காரைக் கொடுத்துப் பெறும் தொகை முழுவதும் வட்டிக்கே சரியாகிவிடும். பழுதுச் செலவோ ஏழு மாதத் தவணைக்குள் அடங்கிவிடுகிறது. மேலும், அந்தத் தவணை உங்கள் மாதச் சேமிப்பைவிட அதிகம் என்பதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

புதிய கிளட்ச் 60,000 கி.மீ. உழைக்கும் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், உங்கள் ஓட்டத்துக்கு அது ஐந்து ஆண்டுகள். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 30 காசு ஆகிறது. காரின் பதிவு 2031 வரை செல்லும். டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கு விதிக்கப்பட்டது போன்ற தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே பழுதுபார்த்து ஓட்டுவதே என் பரிந்துரை.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கிளட்சை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும்; அப்படி இறக்கச் சொல்வதற்கு முன்பு டர்போ, இன்ஜெக்டர்கள், எஞ்சின் கம்ப்ரஷன் ஆகியவற்றைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். அவற்றிலும் பெரிய செலவு காத்திருந்தால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. அப்போது டீலர் தரும் விலையே நல்ல விலையாக இருக்கக்கூடும்.

வெளி மெக்கானிக்கின் 30,000 ரூபாய் யோசனையை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். உங்கள் காரில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்றே எஸ்டிமேட்டின் தொகையிலிருந்து ஊகிக்கிறேன். டீசல் எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுப்பதற்காக, நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு தட்டுகளாகச் செய்யப்படுவது அது. ஆஃப் செய்யும்போது கேட்கும் கடகட சத்தம் பெரும்பாலும் அந்த ஸ்பிரிங்குகள் தளர்ந்ததன் அடையாளம். கியர்பாக்ஸை இறக்கியதும், இரு தட்டுகளுக்கும் இடையே சுழற்சியிலும் சாய்விலும் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று அளந்து, தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அளவுக்குள் இருந்தால் கிளட்ச் செட் மட்டும் போதும். பெரும் தொகை மிச்சம். தாண்டியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஏனெனில் ஃப்ளைவீல் பின்னர் கைவிட்டால் அதே கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். அந்தக் கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரும், புதிய கிளட்சும் கெடக்கூடும். பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் இதே சமயத்தில் மாற்றிவிடுவது நல்லது. பொருளின் விலை குறைவு, கூலிதான் அதிகம்.

எஸ்டிமேட்டில் வரியைச் சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18% தான். பழைய 28% எங்காவது போடப்பட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். இன்சூரன்ஸை எதிர்பார்க்க வேண்டாம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வாகன பாலிசியில் விலக்கப்பட்டவை, விபத்துக்குப் பின் மாற்றும் பாகங்களுக்கு மதிப்புக் குறைவைக் கழிக்காமல் தரும் ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தாலும் அப்படித்தான். கிரெடிட் கார்டில் 78,000 ரூபாயை 16% வட்டியில் 12 மாதத் தவணையாக மாற்றினால் வட்டி சுமார் 6,900 ரூபாய், அந்த வட்டியின் மேல் ஜிஎஸ்டி, போதாததற்குச் செயல்பாட்டுக் கட்டணம் வேறு. டெபாசிட்டை உடைத்தாலோ உங்கள் அவசரகாலப் பணத்தில் பெரும்பகுதி ஒரே நாளில் போய்விடும். அதே டெபாசிட்டின் மீது கடன் வாங்குங்கள். வழக்கமாக டெபாசிட் வட்டியைவிட 1 சதவீத அளவே கூடுதலாக இருக்கும். 8% என்று கொண்டால் 12 மாதங்களுக்கு வட்டி சுமார் 3,400 ரூபாய்; டெபாசிட்டுக்கு வரும் வட்டியும் நிற்காது. மாதம் 6,800 ரூபாய் திருப்பிச் செலுத்துவது உங்கள் 9,000 ரூபாய்க்குள் அடங்கும், நகையை அடகு வைக்க வேண்டியதும் இல்லை.

முடிவைத் தள்ளிப் போடாதீர்கள். வழுக்கும் கிளட்ச் சூடேறி, இன்னும் நல்ல நிலையில் இருக்கக்கூடிய ஃப்ளைவீலையும் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உதிரிபாக எண்ணும் வாரண்டி காலமும் எழுதிய ஜிஎஸ்டி பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் காரை விற்கும்போது, கிளட்சைக் காட்டி விலையைக் குறைக்க வருபவரிடம் அந்தப் பில்லைக் காட்டலாம்.