தெரிந்தே சம்மதிப்பது தீங்கிழைப்பதாகுமா?

கேள்வி: நான் 17 வாரக் கர்ப்பிணி. மார்பகப் புற்றுநோய் உறுதியாகியிருக்கிறது. கீமோதெரபியைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறார் மருத்துவர். குழந்தைக்குப் பாதிப்பு வரலாம் என்று தெரிந்தும் கையெழுத்திட்டால், நானே அதற்குத் தீங்கு செய்தவள் ஆகிவிட மாட்டேனா?

பதில்: ஆகமாட்டீர்கள். தீங்கு நேரக்கூடும் என்று அறிந்திருப்பது வேறு. தீங்கு நேர வேண்டும் என்றே செய்வது வேறு. ஒரே செயலுக்கு நாம் நாடும் விளைவும் நாடாத விளைவும் இருக்கலாம்; மருத்துவ அறநெறியில் இதை 'இரட்டை விளைவு' என்பார்கள். 13-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்த கோட்பாடு இது. மருந்து முழுவதும் ஏற்றி முடிந்து, குழந்தையும் ஒரு குறையுமின்றிப் பிறந்தால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? கட்டி சுருங்குவதற்குக் குழந்தை பாதிக்கப்பட வேண்டிய தேவையே இல்லை.

இந்தக் கோட்பாட்டை அளவுக்கு மீறி இழுப்பவர்களும் உண்டு. கருக்குழாயில் கரு தங்கிவிட்டால், கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைக் கொடுப்பது கருவை நேரடியாகத் தாக்குவது, குழாயையே வெட்டி எடுத்தால் கருவின் இழப்பு நாடாத விளைவு மட்டுமே, எனவே அதுதான் முறை என்று வாதிடுவார்கள். எப்படியும் பிழைக்க முடியாத கருவுக்காக, மருந்திலேயே குணமாகக்கூடிய பெண்ணை அறுவைக்கு உட்படுத்தி ஒரு குழாயை இழக்கச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்கு வருவோம். நோக்கம் நல்லது என்பதோடு மருத்துவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது; முன்பே தெரிந்த தீங்கை இயன்றவரை குறைத்தாக வேண்டும். உறுப்புகள் உருவாகும் முதல் 3 மாதங்களில் கீமோவைத் தவிர்ப்பார்கள். அந்தக் கட்டத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகளை அதன்பின் கொடுப்பது நடைமுறையில் உள்ளது. பனிக்குட நீரைக் குறைக்கக்கூடிய டிராஸ்டுசுமாப், அதேபோல டாமாக்ஸிபென், இந்தப் புற்றுநோய் மருந்துகள் தேவைப்பட்டாலும் பிரசவத்துக்குப் பிறகுதான். கதிர்வீச்சையும் பெரும்பாலும் அப்படியே தள்ளிவைப்பார்கள். தாய்க்கும் சேய்க்கும் ரத்த அணுக்கள் தேற வேண்டும் என்பதால், கடைசி மருந்துக்கும் பிரசவத்துக்கும் இடையே சுமார் 3 வாரம் விடுவார்கள்.

கையெழுத்திடும் முன் புற்றுநோய் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்தெந்த மருந்து, ஏன்? சில வாரம் தள்ளினால் எனக்கு என்ன இழப்பு? குழந்தையின் வளர்ச்சியை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஸ்கேனில் பார்ப்பீர்கள்? மருந்துக்குப் பயந்து பிரசவத்தை முன்கூட்டியே வைக்கலாம் என்றால், அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைப்பிரசவமும் குழந்தைக்குத் தீங்குதான். எல்லாம் கேட்டபின் வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.