சட்ட ஆலோசனை: சர்வேயர் வருவதற்குள் பம்பரைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 2021-ல் தார் ஜீப் வாங்கினேன். ஒரு ராத்திரி காட்டுமாடு முட்டி முன்பக்க பம்பர் நொறுங்கிப் போனது. அதன்பிறகு 28,000 ரூபாய்க்கு ஒரு ஸ்டீல் பம்பர் கிட் வரவழைத்தேன். லேசரில் வெட்டிய 4 மி.மீ. தகடுகள், நாக்கும் பள்ளமுமாகப் பொருந்துபவை. முதலில் டேக் (சிறு சிறு புள்ளியாகத் தற்காலிக வெல்டிங்) வைத்துக் கட்டி, பிறகு தகடு கோணிக்கொள்ளாமல் இருக்க இங்கே ஓர் அங்குலம் அங்கே ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றி நானே வெல்டிங் வைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. எடை 50 கிலோவுக்கு மேல்.

போன வாரம் மேட்டுப்பாளையம் இறங்கும்போது, குஞ்சப்பனை அருகே வளைவில், தூறலில், ஸ்கூட்டரில் ஒருவர் நடு ரோட்டுக்கே வந்துவிட்டார். பம்பரின் வலது ஓரம் அவர் காலில் பட்டது. ஜீப் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, பிளேட் வைத்திருக்கிறார்கள். போலீஸ் என்மேல் வழக்குப் போட்டது. வண்டியை ஆய்வாளர் பார்த்துவிட்டார், இப்போது ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. எஸ்டிமேட் 1,65,000. பரிதாபப்பட்டு ஆஸ்பத்திரியிலேயே 40,000 கொடுத்தேன். அவர் அண்ணன் கேட்டதால் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். இப்போது 3 லட்சம் கேட்கிறார்கள். ஸ்டேஷனில் என்னைக் குற்றவாளி மாதிரி நடத்தினார்கள். கிட் விற்ற கம்பெனி போனை எடுப்பதில்லை. அடுத்த வாரம் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருகிறார். பழைய பம்பரைச் சரிசெய்து அரவேனுவில் மச்சான் ஷெட்டில் வைத்திருக்கிறோம். அதற்குள் அதை மாட்டிவிடலாம் என்கிறார் மச்சான். இத்தனைக்கும் என் வெல்டிங்கில் ஒரு இடம்கூட விரிசல் விடவில்லை ஐயா!

பதில்: கழற்றாதீர்கள். இந்தப் பதிலில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் பாதி காட்டுமாடு, கால்வாசி வெல்டிங். இரண்டும் எனக்குப் பயன்படாது. காட்டுமாட்டுக்குப் பயந்து பம்பர் செய்தேன் என்பது அனுதாபத்துக்கு உதவும், வாதத்துக்கு உதவாது. அதைச் சர்வேயரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். காட்டுமாடு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, வனத்துறையையும் இந்தக் கதைக்குள் இழுக்க வேண்டாம். ஸ்டேஷனில் உட்கார நாற்காலி தரவில்லை என்பதற்கும் இங்கே மருந்தில்லை. ஸ்கூட்டர்காரர் நடு ரோட்டுக்கு வந்தார் என்கிறீர்கள். அவர் ஏறுகிறார், நீங்கள் இறங்குகிறீர்கள். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும் என்பது உங்கள் ஊரில் பால் வண்டிக்காரருக்கும் தெரியும், விபத்து இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயத்துக்கும் தெரியும்.

சட்டத்தின் கண்ணில் படுவது ஒன்றுதான்: விபத்து நேரத்தில், தயாரிப்பாளர் வைக்காத ஓர் இரும்புக் கட்டமைப்பு உங்கள் வண்டியின் முகப்பில் இருந்தது. அந்தப் பம்பரின் ஓரம்தான் அவர் காலில் பட்டது.

வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இந்த மாதிரி முன்பக்கக் கம்பிகளும் கிராஷ் கார்டுகளும் அந்தப் பிரிவுக்கு விரோதம் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஆர்.சி.யில் பம்பரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, வண்டியின் அடிப்படை அம்சம் மாறவில்லையே’ என்று ஒரு வாதம் இருக்கிறது. சொத்தையான வாதம் இல்லை, நானே கோர்ட்டில் பேசியிருக்கிறேன். ஆனால் 5,000 ரூபாய் அபராதத்தை எதிர்க்க வந்தவருக்கு அது நல்ல வாதம். கால் முறிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதை எடுத்துக்கொண்டு போனால் நீதிபதியின் முகமே மாறிவிடும்.

இனி அந்த வெல்டிங் விஷயம். ஒரு இடம்கூட விரிசல் விடவில்லை என்ற வாக்கியத்தை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். எழுதவே எழுதாதீர்கள். கம்பெனி பம்பர் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. இடிக்கிற வேகத்தை அது உள்வாங்கிக்கொள்ளும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் முன்பக்கம் எப்படி நசுங்கும் என்பதை வைத்துத்தான். உங்கள் நாலு மி.மீ. தகடு நசுங்காமல் நின்றதால், அடி முழுவதும் ஒரு பக்கம் அவர் எலும்புக்கும் இன்னொரு பக்கம் உங்கள் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் போனது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் கேள்வி இதுதான்: ‘நீங்களே செய்தீர்களா? எவ்வளவு உறுதியாகச் செய்தீர்கள்?’ அதற்கு நீங்கள் பெருமையாகப் பதில் சொல்லிவிடுவீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வெல்டிங் வைத்த வீடியோவை எங்காவது போட்டிருந்தால், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். கமெண்டுக்குப் பதிலும் சொல்லாதீர்கள். அழிக்கவும் வேண்டாம், ஏன் என்று கீழே வருகிறது.

மச்சானின் யோசனைக்கு வருகிறேன். நான் கட்சிக்காரர்களை அதிகம் இழந்தது இந்த இடத்தில்தான்.

உங்கள் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் ஏற்கனவே பார்த்துவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிக்கையில் சேதங்களை ஒவ்வொன்றாகக் குறித்திருப்பார்: முன்பக்க இரும்பு பம்பர், வலது ஓரத்தில் கீறல், சேஸிஸில் வளைவு, அதனோடு போட்டோ. அந்தத் தாள் வழக்குக் கட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் சர்வேயர் வந்து பிளாஸ்டிக் பம்பரைப் பார்த்து அவர் ஓர் அறிக்கை எழுதுவார். ஒரே வண்டிக்கு இரண்டு முகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் செய்யும் முதல் வேலையே வழக்குக் கட்டின் நகலை வாங்குவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார், அவ்வளவுதான்.

கூடலூர் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினார். வேலை சுத்தம், பெயிண்ட் கூட ஒத்துப்போனது. சர்வேயர் மண்டி போட்டுக் கீழே டார்ச் அடித்தார். சேஸிஸில் இரும்பு பம்பருக்காகப் போட்ட நாலு துளை, அதைச் சுற்றி பெயிண்ட் உரிந்து பளிச்சென்று வெறும் இரும்பு, ஒன்றில் வாஷர் அழுத்திய வட்டத் தடம். அதை நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் டீ குடித்துவிட்டுப் போனார். க்ளெய்ம் படிவத்தில் ‘கூடுதல் பொருத்துதல்கள்: இல்லை’ என்று அந்தக் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். க்ளெய்மை மறுத்துவிட்டார்கள்.

பம்பர் மாற்றியதற்காக மட்டும் மறுத்திருந்தால் நாங்கள் சண்டை போட்டிருக்கலாம். பாலிசி நிபந்தனையை மீறியிருந்தாலும் மொத்தமாக மறுக்காமல் 75 சதவீதம் வரை கொடுக்கச் சொன்ன தீர்ப்புகள் உண்டு. 2010-ல் உச்ச நீதிமன்றமே, சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டிய ஒரு வழக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறது. நிபந்தனை மீறலுக்குப் பேச இடம் இருக்கிறது. பொய்க் கையெழுத்துக்குக் கிடையாது, அங்கே பாலிசியே போய்விடும். அதற்கு மேல், குற்ற வழக்கில் இருக்கும் ஒரு பொருளை மறைத்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 238-ஆம் பிரிவும் வந்து சேரும். பழைய இ.பி.கோ. 201. வீடியோவை அழிக்க வேண்டாம் என்றதும் இதனால்தான். 5,000 ரூபாய்த் தப்பை ஒரு ஸ்பானரை வைத்துக் கிரிமினல் சதியாக வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

சர்வேயர் கேட்டால், ‘பம்பர் நான் பொருத்தியது, இதுதான் பில்’ என்று ஒரே வரி. படிவத்திலும் அதே. எதற்காக, எப்படி, எத்தனை ஞாயிறு என்பதெல்லாம் வேண்டாம். அவர்கள் குறைத்துக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுமே தரமாட்டோம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், நேரம் இரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆவணங்களைப் பார்த்தால் அந்த 1,65,000-க்காக நான் மெனக்கெட மாட்டேன்.

கிட் கம்பெனியை விட்டுவிடுங்கள். நீங்கள் அனுப்பிய பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? கடைசி வரிக்கு முந்தைய வரி, எறும்பு எழுத்தில்: ‘பொதுச் சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல.’ அவர்கள் விற்றது தகடு. பம்பராக்கியது நீங்கள். வாங்கியவரே மாற்றியமைத்த பொருளுக்கு விற்றவர்மேல் பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது என்று நுகர்வோர் சட்டமே அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 28,000 போனது போனதுதான்.

ஆஸ்பத்திரியில் அவர் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தீர்களே, அந்தத் தாள்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதில் என்ன எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. ‘தப்பு என்னுடையது, முழுச் செலவையும் ஏற்கிறேன்’ என்ற மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதிக் கொடுக்கிற தாள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். உங்கள் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தை எடுங்கள். கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதோ, தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பதோ கூடாது என்று இருக்கும். ஆகவே அந்த 40,000-ஐ இன்ஷூரன்ஸிடம் திரும்பக் கேட்க முடியாது. தாள் மாஜிஸ்திரேட் முன்னாலும் வரும், தீர்ப்பாயத்திலும் வரும்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அடிபட்டவருக்கான இழப்பீட்டை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உள்ள காரணங்கள் மோட்டார் வாகனச் சட்டம் 150-ஆம் பிரிவில் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. லைசென்ஸ் இல்லாதது, குடித்துவிட்டு ஓட்டியது போன்றவை. பம்பர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் 3 லட்சத்தைக் கேட்டு அந்த அண்ணன் உங்கள் வாசலில் நிற்க வேண்டியதில்லை, உதகையில் தீர்ப்பாயத்துக்குப் போனால் கம்பெனியே கொடுக்க வேண்டும். மனு போட அவர்களுக்கு ஆறு மாதம்தான் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அதை அவர்களிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள். ஆமாம், எதிர்த்தரப்புக்கு நீங்களே. அவர்கள் கோர்ட்டுக்குப் போனால் உங்களுக்கு லாபம், தெருவில் பேசினால் நஷ்டம்.

சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் டீக்கடையில் இல்லை. மனு வந்ததும் இன்ஷூரன்ஸ் வக்கீலையும் வைத்துக்கொண்டு மக்கள் நீதிமன்றத்தில் முடியுங்கள். அங்கே முடிந்தால் அதற்கு மேல்முறையீடு கிடையாது, இரண்டு பக்கமும் அதோடு விட்டது. நீங்கள் கொடுத்த 40,000 அந்தப் பதிவில் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் அது தர்மம் செய்த கணக்குத்தான். கையிலிருந்து இன்னும் கொஞ்சம் போட வேண்டி வந்தால் போடுங்கள். நடக்க முடியாமல் இருக்கும் மாதங்களுக்கு அவருக்குக் கூலி போகிறது, அதைப் பேரம் பேசாதீர்கள்.

கிரிமினல் வழக்கில் ஒரு சிக்கல். எலும்பு முறிவு கொடுங்காயம், நியாய சன்ஹிதாவில் 125(பி). அதை அவரோடு சமரசமாக முடிக்கலாம். கூடவே போடும் 281, அதாவது தாறுமாறாக வண்டி ஓட்டியதற்கான பழைய 279, சமரசத்துக்கு உட்படாது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுதான் வழி. ‘ஒரே நாளில் முடிந்துவிடும், ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடு’ என்று கோர்ட் வராந்தாவில் உங்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும். இழப்பீடு முடியும்வரை அதைக் கேட்காதீர்கள், அந்த ஒப்புதல் அப்படியே தீர்ப்பாயத்துக்கு நடந்து போகும். பம்பருக்குத் தனியாக இ-சலான் வந்தாலும் மொபைலில் தட்டிப் பணம் கட்டிவிடாமல் முதலில் வக்கீலிடம் காட்டுங்கள்.

சர்வேயர் பார்த்து முடித்து, வழக்கு அதிகாரியிடமும் எழுத்தில் தெரிவித்த பிறகு, பழைய பம்பரைத் தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள். கழற்றிய இரும்பு பம்பரை விற்காதீர்கள், உக்கடம் பழைய இரும்புக் கடைக்கும் அனுப்பாதீர்கள். வழக்கு முடியும்வரை ஒரு சாக்கைப் போர்த்தி மச்சான் ஷெட்டிலேயே கிடக்கட்டும்.